பாலத்தில் பின்னுக்கு எடுத்தவர்

மகன், ஸலாம். போனில் கதைத்தால் ஒன்று நீ இடையில் வெட்டுவாய், இல்லாவிட்டால் சிக்னல் வெட்டும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆறுதலாக இருந்து, வேலை முடிந்து வந்து, ஒரே இருப்பில் வாசி. போன கிழமை நீ சொன்ன ஒரு சொல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "பிழ என்னிலயும் இல்ல உம்மா, அவங்களிலயும் இல்ல, அந்தப் பாலத்திலதான். அதக் கட்டினவனப் புடிச்சு உதைக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வருகிற அளவுக்கு இங்கே நிலைமை இல்லை. உன் நிக்காஹுக்கு நாள் குறிக்கப் போய், நாள் குறிபடாமல் திரும்பி வந்தோம். நீ விமானம் ஏறிப் போய்விட்டாய். றிஸ்லாவின் வீட்டிலிருந்து இன்றுவரை ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஓயா ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். நடுவில் நீ உதைக்க நினைத்த பாலம்.

கட்டினவனை உதைப்பதற்கு முன் அவனைப் பற்றிக் கொஞ்சம் கேள். அக்கரைப் பள்ளிக்கூடத்தில் இத்தனை காலம் சமூகக்கல்வி படிப்பித்தவள் நான். பிள்ளைகளோடு சேர்ந்து ஊர்ச் சனத்திடம் கேட்டும், கீழே இறங்கி நின்று பார்த்தும் சேர்த்த கதை இது. எல்லாமே சரியாக இருக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். பாலம் வருவதற்கு முன் அந்த இடத்தில் பாதை என்கிற மிதவை ஓடியதாம். ரெண்டு வள்ளத்தைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, வண்டியையும் மாட்டையும் ஏற்றி, கயிற்றைப் பிடித்து இழுத்து அக்கரை சேர்ப்பார்கள். மாரியில் ஓயா பெருகினால் பாதை ஓடாது. உப்பு மூட்டையோடு வந்த வண்டிகள் கரையிலேயே கிடந்து நனையும். உப்பு அரசாங்கத்தின் பொருள். அது நனைந்தால் வெள்ளைக்காரனுக்கு வயிறு எரியும். ஆகவே அவன் பாலம் கட்டினான். நாங்கள் போய்வர என்று கட்டவில்லை, உப்பு போய்வரக் கட்டினான். அகலம் ஏன் இவ்வளவு குறைவு என்று நீ சின்ன வயதிலேயே என்னிடம் கேட்டிருக்கிறாய். ஒரு மாட்டு வண்டி போக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அவன் கணக்கு. இரண்டு வண்டி எதிரெதிராக வந்தால் என்ன செய்வது என்பதை அவன் யோசிக்கவில்லை. அதை வண்டிக்காரர்கள் தலையில் போட்டுவிட்டான்.

ஆனால் கட்டின வேலையைக் குறை சொல்ல ஏலாது. ஓயா வற்றும் காலத்தில் அடுத்த தடவை வந்தால் உன்னைக் கீழே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். கருங்கல் தூண்கள் ஒவ்வொன்றும் மேல்பக்கம், தண்ணீர் வருகிற பக்கம், வள்ளத்தின் மூக்கு மாதிரிக் கூராக இருக்கும். கடற்பக்கம் உருண்டையாக இருக்கும். வெள்ளத்தில் அள்ளுண்டு வருகிற மரங்கள் அந்த மூக்கில் பட்டு ஒரு பக்கமாகத் திரும்பிப் போய்விடும். தட்டையாகக் கட்டியிருந்தால் அத்தனையும் தூணிலேயே தேங்கி, பாலத்தையே சாய்த்திருக்கும். மேலே இருக்கிற இரும்புச் சட்டங்கள் கப்பலில் துண்டு துண்டாக வந்தவை. இங்கே வைத்து, ஆணியைச் சிவக்கக் காய்ச்சித் துளைக்குள் விட்டு, மறுபக்கம் அடித்து மூட்டியிருக்கிறார்கள். அந்த ஆணித் தலைகளைத்தான் நீ சைக்கிளில் முன்னுக்கு இருந்துகொண்டு தடவித் தடவிப் "பாலத்துக்குப் பொத்தான் போட்டிருக்கு" என்பாய். இரும்பின் ஒரு முனையை அவர்கள் இறுக்கவில்லை. உருளையின்மேல் சும்மா வைத்திருக்கிறார்கள். வெயிலில் இரும்பு நீளும், அது நகர இடம் வேண்டும் என்பதற்காக. இதை நான் வகுப்பில் சொன்னபோது கடைசி வாங்கு வரிசையிலிருந்து ஒருத்தன் எழும்பி, அப்படியென்றால் மத்தியானம் வீட்டுக்குப் போக அதிக தூரம் நடக்க வேண்டுமா டீச்சர் என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அதற்குப் பிறகு அன்று பாடம் நடக்கவில்லை.

இப்போது அந்த மேட்டுக்கு வருகிறேன், நீ ஏசியது அதைத்தானே. பாலத்தின் நடுப்பகுதி உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிறது. அது பிழையாகக் கட்டியது இல்லை. அந்தக் காலத்தில் கடலோரக் களப்பிலிருந்து வள்ளங்கள் சாமானோடு ஓயாவுக்குள் வந்து போகுமாம். தண்ணீர் கூடின நாளிலும் அவை அடியில் நுழைய வேண்டும் என்று நடுவை உயர்த்தியிருக்கிறார்கள். இப்போது அப்படி வள்ளம் வருவதில்லை, மேடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதனால் இந்தக் கரையில் நிற்கிறவனுக்கு அந்தக் கரை தெரியாது. உன் மாமாவின் வான் மாதிரித் தாழ்ந்த வாகனத்தில் போனால் மேட்டில் ஏறும்வரை வானத்தைத்தான் பார்க்கலாம். லொறி மாதிரி உயர்ந்த வாகனத்தில் இருக்கிறவருக்கு மட்டும் உச்சிக்குக் கிட்ட வந்ததும் மறுபக்கச் சரிவு முழுக்கத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்.

தூண்களுக்கு மேலே, பாலம் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே தள்ளி, ஆள் ஒதுங்கி நிற்க இடம் விட்டிருக்கிறது. சனம் அதற்குக் காது என்று பேர் வைத்திருக்கிறது. வாகனம் வந்தால் காதுக்குள் போ என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவோம். நான் வேலைக்குப் போன காலம் முழுவதும் காலையிலும் பின்னேரத்திலும் ஏதாவது ஒரு காதுக்குள் சைக்கிளோடு நின்றிருக்கிறேன். ஒருமுறை உன்னையும் வைத்துக்கொண்டு நிற்கும்போது வைக்கோல் ஏற்றிய ட்ரெக்டர் ஒன்று உரசிக்கொண்டு போனது. நீ எட்டி ஒரு பிடி வைக்கோலை இழுத்து எடுத்துவிட்டாய். ட்ரெக்டர்க்காரன் திரும்பிப் பார்த்து, டீச்சர்ட மகன் மாடு வளர்க்கப் போறார் போல என்றான். எனக்கு வெட்கமாகிவிட்டது. நீ அந்த வைக்கோலை வீடுவரைக்கும் கையை விட்டு விடவில்லை. பிடித்ததை விடாத குணம் உனக்கு அப்போதே இருந்தது. அதை நான் நல்லதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் வாப்பா அந்த ரோட்டில் சின்ன பஸ் ஓட்டினார் என்பது உனக்குத் தெரியும். எப்படி ஓட்டினார் என்பது தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. பாலத்தடிக்கு வந்தால் பஸ்ஸை நிறுத்துவார். எதிரே ஒன்றும் வராவிட்டாலும் நிறுத்துவார். பஸ்ஸுக்குள் இருக்கிற மீன்காரிகள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். மனுஷன் கேட்காத மாதிரி இருந்து, பக்கக் கண்ணாடியை மடித்து, விளக்கைப் போட்டு, கொஞ்சம் பார்த்துத்தான் ஏற்றுவார். ஒருநாள் நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திக்கொண்டிருந்தது, எனக்கும் கோபம் வந்தது. இரவில் கேட்டேன், ஏன் இப்படிச் சனத்திடம் ஏச்சு வாங்குகிறீர்கள் என்று. பாலம் எங்கேயும் ஓடிப் போகாது என்றார், அவ்வளவுதான். நீ உன் வாப்பாவின் முகத்தோடு பிறந்தாய், அவரிடமிருந்த அந்த அவசரமில்லாத ஆறுதல் மட்டும் உனக்கு வரவில்லை. அது என் பக்கத்துக் குறையாக இருக்கும், என் தம்பியை, உன் மாமாவைப் பார்த்தாலே தெரியும்.

இனி அந்த லைட் விஷயம். வண்டிக் காலத்தில் உப்பு ஏற்றின வண்டிக்காரன் சரிவில் மாட்டை ஏற்றும்போதே பெரிய சத்தமாக "பாரம்" என்று கூப்பிடுவானாம். மூட்டையோடு சரிவில் ஏறின மாட்டைப் பின்னுக்குத் தள்ள ஏலாது. அதனால் எதிரே வெறும் வண்டியோடு வருகிறவன் அந்தச் சத்தம் கேட்டதும் கரையிலேயே நின்றுவிடுவான். யாரும் பலகையில் எழுதிப் போடாத சட்டம். லொறி வந்த பிறகு கூப்பிட்ட வாய்க்குப் பதிலாக ஹோர்ன் வந்தது, பிறகு லைட் வந்தது. இப்போது பட்டப்பகலிலும் மேட்டுக்கு அந்தப் பக்கம் லைட் அடித்தால் இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான்: பாரத்தோடு வருகிறேன், நில். நீ லைசன்ஸ் எடுத்ததும் ஓட்டிப் பழகினதும் நீ வேலை செய்கிற வெளிநாட்டில். அங்கே ஒருத்தன் லைட் அடித்தால், நான் நிற்கிறேன், நீ வா என்று அர்த்தமாம். நாள் குறிக்கப் போன அன்று பின்னேரம் நீ அதை விளங்கப்படுத்தினாய், நான் நம்பினேன். மேட்டுக்கு மேலே வெளிச்சம் வெட்டினதைக் கண்டதும் நீ எவ்வளவு மரியாதையாகக் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு வானை ஏற்றினாய் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது. பாலத்தில் ஏறியதற்காக உன்னை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

ஏறின பிறகு நடந்ததுதான் கதை. பத்து மணிபோல வரச் சொல்லியிருந்தார்கள். உன் மாமா, வெயில் ஏறுமுன் போவோம் என்று எங்களை எட்டு மணிக்கே வானில் ஏற்றிவிட்டார். இனிப்புத் தட்டங்கள், தொதலும் மஸ்கட்டும், என் மடியில். மேட்டின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே நாங்கள், உச்சியில் அந்த லொறி, முகத்தோடு முகம். ஓட்டினது றிஸ்லாவின் மூத்த நாநா, பக்கத்தில் அவளுடைய வாப்பா. இறாலும் ஐஸும் ஏற்றி மதுரங்குளிச் சந்தியில் கொடுத்துவிட்டு, நாங்கள் வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று மனுஷன் புறப்பட்டிருக்கிறார். நாங்கள் இத்தனை முந்தி வருவோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? என்னைக் கண்டு அவர் கையைத் தூக்கி ஸலாம் சொன்னார். நானும் சொன்னேன். நீ கியரில் கையை வைத்தாய், நான் பார்த்தேன், பின்னுக்கு எடுக்கத்தான் வைத்தாய். அப்போதுதான் உன் மாமா வாயைத் திறந்தார். "மாப்பிள்ள ஊட்டு வாகனம் பின்னுக்குப் போறதா? நல்ல காரியத்துக்குப் போற நாள்ல? அவங்க எடுக்கட்டும்." இது எந்தக் கிதாபில் இருக்கிறதோ, அவரிடம் கேட்டால் அதற்கும் ஒரு கதை சொல்வார். நீ கையை எடுத்துவிட்டாய். என் மடியில் தட்டம் இருந்தது, வாயில் ஒன்றும் இருக்கவில்லை. நான் பேசியிருக்கலாம், பேசவில்லை.

அப்படியே நின்றோம். லொறியிலிருந்து ஐஸ் உருகி ஒழுகியது. உன் மாமா கைத்தொலைபேசியை எடுத்துப் படம் வேறு பிடித்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு த்ரீவீல் ஹோர்ன் அடித்தது. விட்டுவிட்டு அடித்தது, பிறகு விடாமல் அடித்தது. அடிக்கட்டும், அவனுக்கு மட்டும் என்ன அவசரம் என்றார் மாமா. கொஞ்ச நேரத்தில் லொறிக்குள் அந்த மனுஷன் தன் மகனிடம் ஏதோ சொன்னார், லொறி பின்னுக்குப் போகத் தொடங்கியது. பாரத்தோடு சரிவில் பின்னுக்கு இறங்குவது லேசு இல்லை. பக்கக் கண்ணாடி இரும்பில் அடிபட்டு உடைந்தது, பின்கதவு திறந்து ஒரு பெட்டி இறால் பாலத்தில் கொட்டியது. அக்கரையில் டீக்கடை வாசலில் நின்ற சனம் அத்தனையும் பார்த்தது. நாங்கள் இறாலை மிதித்துக்கொண்டு இறங்கினோம். உன் மாமா உன் தோளில் தட்டினார். நீயும் சிரித்தாய், மகன். பிறகு அவர்கள் வீட்டில் போய் இருந்து, றிஸ்லாவின் வாப்பா வந்து சேரும்வரை காத்திருந்து, தேத்தண்ணி குடித்தோம். அவர் எல்லாரையும் சுகம் விசாரித்தார், மழையைப் பற்றிக் கதைத்தார், நாள் குறிப்பதை மட்டும் பிறகு பார்ப்போம் என்றார்.

நீ போன பிறகு உன் மாமா சும்மா இருக்கவில்லை. மதுரங்குளிச் சந்தியில் எந்தக் கடையில் தேத்தண்ணி குடித்தாலும் அந்தக் கதைதான். மாப்பிள்ளை அசையவில்லையாம், சம்பந்தியார் சலாம் போட்டுப் பின்னுக்கு எடுத்தாராம், கல்யாணத்துக்கு முன்பே யார் பெரிய ஆள் என்று காட்டியாகிவிட்டதாம். படத்தையும் காட்டியிருக்கிறார். நீ போனில் அதைக் கேட்டு, மாமாவுக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்தாய். வேண்டாம் என்று அவரிடம் நீ சொல்லவில்லை. அவர்கள் கோபித்துக்கொண்டு இருப்பது இந்தக் கதையால்தான் என்று நானும் நினைத்தேன். ஒரு பெரிய மனுஷனை, மகளைக் கொடுக்கப் போகிறவரைச் சந்திச் சிரிப்பு ஆக்கினால் யார்தான் பொறுப்பார்கள்? உன் மாமாவைக் கூப்பிட்டு நன்றாக ஏசினேன். இனிக் கதைக்க மாட்டேன் என்றார். கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்தக் கிழமை சந்தியில் பாமசியில் மருந்துக்கு நின்றேன். ஒரு பிள்ளை வந்து, டீச்சர் என்று ஸலாம் சொன்னாள். நம் பக்கத்துப் பிள்ளை, நான் படிப்பித்தவள் இல்லை, அவளுக்கு மூத்த ராத்தாவை நான் படிப்பித்திருக்கிறேன். உங்களுக்கு அந்த லொறி மாமாவைத் தெரியும்தானே, அவருக்கு ஒரு ஸலாம் சொல்லிவிடுங்கள் என்றாள். எந்த லொறி மாமா என்றேன். அப்போது சொன்னாள். நாங்கள் பாலத்தில் நின்ற அன்று சாதாரண தரப் பரீட்சை. கணக்குப் பாடம். அவளுக்குப் பரீட்சை மண்டபம் அக்கரையில், என்னுடைய பழைய பள்ளிக்கூடத்தில். வீட்டில் வாப்பாவின் சைக்கிள் காற்றுப்போய், கடைசி நேரத்தில் ஒரு த்ரீவீல் பிடித்து வந்திருக்கிறாள். முன்னால் எங்களுடைய வான். த்ரீவீல்காரன் ஹோர்ன் அடித்துப் பார்த்தான், பலனில்லை. பிள்ளை இறங்கி, வெள்ளை உடுப்போடும் பரீட்சை அட்டையோடும் பாலத்துச் சரிவில் நின்று அழுதிருக்கிறாள். நடந்து போகவும் ஏலாது, பள்ளிக்கூடம் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். உச்சியில் நின்ற லொறிக்குள்ளிருந்து அந்த மனுஷன் எங்கள் வானுக்கு மேலாக அவளைக் கண்டிருக்கிறார். கையை வெளியே போட்டு, ஏறு, ஏறு, த்ரீவீலில் ஏறு என்று சைகை காட்டிவிட்டுத்தான் லொறியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறார். பிள்ளை பிந்தித்தான் போனாளாம், ஆனால் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். எழுதினேன் டீச்சர், நல்லா எழுதினேன் என்றாள். எனக்கு மருந்து வாங்கவே மறந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பினவள், அன்று பரீட்சை என்றே நினைவில்லாமல் தொதல் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அக்கரையில் அந்த த்ரீவீல் எங்களை முந்திப் பறந்ததையும் கண்டேன், இந்தக் காலத்துப் பெடியன்களின் ஓட்டம் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரமே நடந்து பாலத்தைக் கடந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, உன் மாமாவிடம் நிச்சயமாகச் சொல்லவில்லை. றிஸ்லாவின் உம்மா கதிரை இழுத்துப் போட்டு, பாணும் சம்பலும் வைத்து, என்னை ஒரு குறையும் இல்லாமல்தான் பார்த்தார். அந்தப் பிள்ளையின் ஸலாமை றிஸ்லாவின் வாப்பாவிடம் சொன்னேன். எழுதினாளாமா என்று கேட்டார். எழுதினாளாம் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, முகம் முழுக்க ஒருமுறை சிரித்தார். ஏன் இதை ஒருத்தரிடமும் சொல்லாமல் இருந்தீர்கள், சந்தியில் அவ்வளவு கதை ஓடுகிறதே என்று கேட்டேன். அதைச் சொல்லித் திரிய என்ன இருக்கிறது என்றார். றிஸ்லா கதவடியில் நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டிக் குறைக்கவில்லை.

"டீச்சர், லொறி பின்னுக்குப் போனதால எனக்கு ஒண்டும் கொறஞ்சு போகல்ல. உங்கட தம்பி சந்தியில சொல்லிச் சிரிக்கிறதும் கேட்டிச்சி, அது அவர்ர வாய். எனக்கு ஒண்டுதான் தெரியணும். பின்னால அந்தப் புள்ள அழுதுகிட்டு நிண்டத உங்கட மகன் கண்டாரா, காணல்லயா? காணல்லயெண்டா நாளைக்கே நாள் குறிப்பம். கண்டுட்டும் இருந்தாரெண்டா, என்ட புள்ளய நான் எப்படிக் குடுக்கிற?"

காணவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அங்கேயே கலண்டரைக் கழற்றியிருப்பார்கள், இன்று நான் உனக்குப் பந்தல்காரனைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். இந்தப் பிள்ளையை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். அவளைப்போல ஒரு மருமகள் இந்த வயதில் எனக்கு இனித் தேடிக் கிடைக்காது. எனக்கு ஆசை இல்லையென்று நினைக்காதே. ஆனால் மகன், நான் உனக்கு நேர் பின்னால்தான் இருந்தேன். உள்ளே தொங்குகிற அந்தக் கண்ணாடியில் எனக்கு உன் கண் தெரிந்தது. ஹோர்ன் விடாமல் அடித்தபோது நீ நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாய். கண்ணை உடனே எடுக்கவும் இல்லை, கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு முன்னுக்குத் திரும்பி லொறியைப் பார்த்தாய். என் தலையும் தட்டமும் மறைத்திருக்கலாம், வெறும் த்ரீவீலை மட்டும் கண்டிருக்கலாம், வெயில் கண்ணாடியில் பட்டிருக்கலாம். இரவில் இதையெல்லாம் நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். எதைக் கண்டாய் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். தெரியாத ஒன்றுக்கு உன் உம்மா என்ற பேரில் நான் சாட்சி சொல்ல மாட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்கவில்லை.

மகன் போனில் கதைப்பார், அவரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். அவர் சரி என்றார். றிஸ்லா பாலத்தடி வரைக்கும் என்னோடு வந்தாள். இருட்டுகிறது திரும்பிப் போ என்றாலும் போகவில்லை. பிரியும்போது என் கையைப் பிடித்து, "வாப்பாக்குச் சொல்லுற பதில்தான் மாமி எனக்கும்" என்றாள். அழவில்லை. நான்தான் மேட்டில் ஏறும்வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். றிஸ்லாவின் வாப்பாவுடைய நம்பர் உன்னிடம் இருக்கிறது. என்னிடம் கேட்டுவிட்டு எடுக்காதே, மாமாவிடம் நிச்சயமாகக் கேட்காதே, அவர் உனக்குச் சொல்லித் தருகிற பதில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது அவருடைய பதிலாக இருக்கும். காணவில்லையென்றால் காணவில்லை என்று சொல், அவர் நம்புவார், அவர் அப்படியான மனுஷன். கண்டிருந்தால், கண்டேன் என்று சொல். அதற்குப் பிறகு இந்தக் கல்யாணம் இல்லாமல் போகலாம். போனால் எனக்கு அழுகை வரும், ஊர் கதைக்கும், நீயும் உடைந்துபோவாய். அதையெல்லாம் தாங்கிக்கொள்வோம். கண்டுவிட்டுக் காணவில்லை என்று சொல்லி அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனாயென்றால், ஒவ்வொரு வேளையும் அந்த மனுஷனோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட வேண்டும், மகன். அதை நீ தாங்க மாட்டாய். அந்தளவுக்கு நான் உன்னை அறிவேன்.

கதைத்து முடிந்ததும் எனக்கு எடு. எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் விழித்திருப்பேன். அவருக்கு என்ன சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன், அன்றைக்கும் இல்லை, பிறகு எப்போதும் இல்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன்.

உன் உம்மா